பாறசாலையில் கேட்காமல் போன துப்பறியும் நாடகம்

துப்பறியும் கதைக்கு ரேடியோவைப் போலத் தோதான இடம் வேறு கிடையாது என்பது என் கட்சி. புத்தகமாக இருந்தால் பொறுமையில்லாதவர்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். சினிமாவில் வில்லன் நடிகர் திரையில் வந்து நின்ற உடனே பக்கத்து சீட்டுக்காரர் "இவன்தான்யா" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். ரேடியோவில் இரண்டும் நடக்காது. கதவு கிறீச்சிடுகிறது. நாலு காலடிச் சத்தம். ஒரு டம்ளர் உருண்டு விழுகிறது. உள்ளே வந்தது யார் என்று நமக்கும் தெரியாது, துப்பறிபவருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே இருட்டு. இதைவிட நேர்மையான ஆட்டம் உண்டா?

தமிழில் துப்பறியும் நாவலுக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று பெரிய பட்டாளமே உண்டு. ஆனால் "ரேடியோவில் கேட்ட துப்பறியும் நாயகன் ஒருத்தன் பெயரைச் சொல்லுங்க" என்று என் வயசுக்காரர்களிடம் கேட்டால் தலையைச் சொறிகிறார்கள். சங்கர்லால் என்பார்கள், அது தமிழ்வாணன் எழுதிப் படித்தது. சாம்பு என்பார்கள், அது தேவன் விகடனில் எழுதியது. எல்லாம் கண்ணால் படித்தவை. காதுக்கென்று ஒருத்தன் இல்லை. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி எனக்கு வந்ததே வெளிநாட்டுக்கு வந்தபிறகுதான். ஆபீஸுக்குக் காரில் போக வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் பழைய அமெரிக்க ரேடியோ நாடகங்களைக் கேட்க ஆரம்பித்தேன். எண்பது வருஷத்துக்கு முந்தைய நாடகங்கள் இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் கேட்கக் கிடைக்கின்றன. முதல் ஆச்சரியம் அதுதான்.

அமெரிக்கக் கதை வேடிக்கையானது. 1930 ஜூலை மாசம் ஒரு பத்திரிகை நிறுவனம் தன்னுடைய துப்பறியும் பத்திரிகையை விற்பதற்காக ரேடியோவில் நிகழ்ச்சி போட்டது. கதை சொல்லும் குரலுக்கு 'தி ஷேடோ' என்று பெயர் வைத்தார்கள். வெறும் கதைசொல்லிதான். ஆனால் மறுநாள் கடைக்குப் போன ஜனங்கள் அந்தப் பத்திரிகையை விட்டுவிட்டு "அந்த ஷேடோ பத்திரிகை இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு பத்திரிகையே கிடையாது! சும்மா விடுவார்களா, 1931-ல் அந்தப் பெயரிலேயே ஒன்று தொடங்கிவிட்டார்கள். 1937-ல் ஷேடோவே நாடகத்தின் கதாநாயகன் ஆனபோது குரல் கொடுத்தவர் ஆர்சன் வெல்ஸ். அப்போது அவருக்கு வயசு 22.

அதே 1930 அக்டோபரில் ஷெர்லாக் ஹோம்ஸும் அமெரிக்க ரேடியோவுக்கு வந்தார். மேடையில் பல வருஷம் ஹோம்ஸாக நடித்த வில்லியம் ஜில்லெட்தான் முதல் குரல். எழுதியவர் எடித் மைசர் என்ற பெண்மணி. காசு போட்டது ஒரு காப்பித்தூள் கம்பெனி. ஷேடோவுக்கோ நிலக்கரி கம்பெனி. பிறகு 1949-ல் 'டிராக்நெட்' வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸின் உண்மை வழக்குகளைப் பெயர் மட்டும் மாற்றி நாடகமாக்கினார்கள். அதே வருஷம் 'ஜானி டாலர்' என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் துப்பறியும் ஆள். அவர் கதை சொல்லும் விதமே தனி. செலவுக் கணக்கு எழுதுவது போல, டாக்ஸிக்கு இவ்வளவு, ஹோட்டலுக்கு இவ்வளவு என்று சொல்லிக்கொண்டே கொலைக்கு வருவார். டிராவல் பில் எழுதிப் பழகிய எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது :-) 1962 செப்டம்பர் 30-ஆம் தேதி ஜானி டாலரும் 'சஸ்பென்ஸ்' நாடகமும் ஒரே நாளில் முடிந்தன. அமெரிக்க ரேடியோ நாடகத்தின் பொற்காலம் அன்றைக்கு முடிந்ததாகத்தான் கணக்கு.

சரி, விளம்பரக் காசு இருந்ததால் அங்கே துப்பறியும் நாடகம் வளர்ந்தது, நம்ம ஊரில் சர்க்கார் ரேடியோ என்பதால் வளரவில்லை என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளலாமா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பி.பி.சி. அந்த வாதத்தைக் கெடுத்துவிட்டது. அங்கே விளம்பரமே கிடையாது. லைசென்ஸ் கட்டணத்தில் ஓடும் பொது நிறுவனம். ஆனாலும் 1938-லேயே 'பால் டெம்பிள்' என்ற துப்பறியும் எழுத்தாளர் பாத்திரத்தைக் கொண்டுவந்து முப்பது வருஷம் ஓட்டினார்கள். 1946-லிருந்து 1951 வரை 'டிக் பார்ட்டன்', மொத்தம் 711 பகுதிகள், ஒவ்வொன்றும் கால் மணி நேரம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. 1947-ல் ராணி மேரிக்கு 80 வயசு நிறைந்தது. பிறந்தநாளுக்கு என்ன நிகழ்ச்சி வேண்டும் என்று பி.பி.சி. கேட்டபோது அவர் கேட்டது அகதா கிறிஸ்டி நாடகம். கிறிஸ்டி அரைமணி நேர ரேடியோ நாடகம் ஒன்று எழுதிக்கொடுத்தார். 1947 மே 30 அன்று ஒலிபரப்பானது. அதையே விரித்து மேடைக்குக் கொண்டுபோனதுதான் 'தி மவுஸ்ட்ராப்'. 1952-ல் லண்டனில் தொடங்கி, கொரோனா காலத்தில் நின்றது தவிர, ஓடிக்கொண்டே இருக்கிறது. உலகத்திலேயே அதிக காலம் ஓடிய நாடகத்தின் விதை ஒரு ரேடியோ நிலையத்தில் விழுந்தது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். கொஞ்சம் கொசுவத்தி சுற்றுகிறேன்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துக் கிராமங்களைத் தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகிற ரோட்டில் கேரளத்தின் கடைசி ஊர்கள் இவை. இஞ்சிவிளை தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம், கோவிலில் இரண்டும். ரேடியோவில் மூன்று நாடு மாதிரி. திருவனந்தபுரம் நிலையம் 1943-ல் திருவிதாங்கூர் அரசின் நிலையமாகத் தொடங்கி 1950-ல் ஆல் இந்தியா ரேடியோவுக்குப் போனது. எங்களுக்கு அது முப்பது கிலோமீட்டர். திருநெல்வேலி நிலையம் 1963-ல் வந்தது. அது எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். அப்புறம் இலங்கை வானொலி. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து சென்னை இருக்கும் தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் கொழும்பு. கடலுக்கு மேலே தடுப்பும் இல்லை. இருட்டிய பிறகு மீடியம் வேவில் தூரத்து நிலையங்கள் தெளிவாகக் கேட்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

திருவனந்தபுரம் 1161, திருநெல்வேலி 1197. எங்கள் பழைய பிலிப்ஸ் பெட்டியில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நெல்லளவு இடைவெளி இருந்தால் அதிகம். பாட்டா சாய்வு நாற்காலியில் இருந்தபடியே "முள்ள லேசா நீக்கு மக்கா" என்பார். நெல்லளவு நீக்கினால் மலையாளம் தமிழாகிவிடும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாகாணத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. தரையில் போட்ட அந்தக் கோட்டை நான் முதலில் புரிந்துகொண்டது ரேடியோ முள்ளில்தான்.

அந்தப் பெட்டியில் நாடகங்கள் நிறையவே கேட்டோம். திருவனந்தபுரம் நிலையத்தில் ஜகதி என்.கே. ஆச்சாரி போன்றவர்கள் நாடகத்தை ஒரு கலையாகவே வளர்த்திருந்தார்கள். பாசமலர் ரகக் குடும்ப நாடகம், சரித்திர நாடகம், சீர்திருத்த நாடகம், எல்லாம் உண்டு. ஆனால் வாரா வாரம் வந்து கொலையைக் கண்டுபிடிக்கிற ஆள் எங்கள் பெட்டிக்குள் வந்ததில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குச் சாட்சியாக ஒரு படமே இருக்கிறது. 'அந்த நாள்'.

1952-ல் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் குரோசவாவின் 'ராஷோமோன்' இந்தியாவுக்கு வந்தது. ஒரு கொலை, பல சாட்சிகள், ஆளுக்கொரு கதை. அந்தப் படம் எஸ். பாலசந்தரை உலுக்கிவிட்டது. ஆமாம், நாம் எல்லாரும் வீணை பாலசந்தர் என்று அறிந்தவர்தான். அதே பாணியில் அவர் ஒரு நாடகம் எழுதினார். எழுதி எங்கே கொடுத்தார் தெரியுமா? ஆல் இந்தியா ரேடியோவுக்கு. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம்தான் அவர் கதையை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் சொன்னார். 1954 சித்திரையில் 'அந்த நாள்' வெளிவந்தது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. தமிழில் அப்படி வந்த முதல் படம். துப்பறியும் அதிகாரியாக ஜாவர் சீதாராமன், திரைக்கதையும் அவரே.

படத்தில் பிணமாகக் கிடப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். சிவாஜி கணேசன் நடித்த ராஜன். அவன் ஒரு ரேடியோ இன்ஜினியர்! ஏழைகளும் வாங்கும் விலையில் ரேடியோ செய்ய ஆசைப்பட்டு, ஆதரவு கிடைக்காத கசப்பில் ஜப்பான்காரனுக்கு உளவு சொல்லப் போனவன். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயத்தில் கதை நடக்கிறது. ரேடியோ நிலையம் திருப்பி அனுப்பிய கதை, ரேடியோக்காரனின் பிணத்தோடு திரையில் தொடங்குகிறது. வேண்டுமென்றே செய்தார்களா என்று கேட்டால் நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், அப்புறம் வருத்தம் வரும்.

ஏனென்றால் அந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பாட்டு இல்லாததால் அது முக்கால்வாசி ரேடியோ நாடகமாகவே இருக்கிறது. ஒவ்வொரு சாட்சியும் பேசுகிறார்கள், நாம் குரலை வைத்து எடை போடுகிறோம். கிறிஸ்டியிடம் பி.பி.சி. கேட்டு வாங்கியது. பாலசந்தர் தானே கொண்டுவந்து கொடுத்ததை நம்மவர்கள் வாங்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஏழெட்டு வருஷம்கூட இல்லை. ஆகவே சர்க்கார் ரேடியோ, தனியார் ரேடியோ என்பது காரணம் இல்லை. பொழுதுபோக்கும் தன் கடமையில் ஒரு பகுதிதான் என்று அந்த நிறுவனம் நினைத்ததா என்பதுதான் காரணம். அப்போது ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சர் பி.வி. கேஸ்கர், 1952 முதல் 1962 வரை. சினிமாப் பாட்டையே வீட்டுக்குள் விடாதவர். ஜனங்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பிவிட்டார்கள். உலக யுத்தத்தில் நேச நாட்டுப் படைகள் விட்டுப்போன சக்திவாய்ந்த ஒலிபரப்புக் கருவி கொழும்புக்காரர்களிடம் இருந்தது. இழந்த காதுகளைத் திரும்பப் பிடிக்கத்தான் 1957 அக்டோபரில் விவித பாரதி வந்தது.

அந்த 1954-ஐ நான் இன்னொரு காரணத்துக்காகவும் மறக்க முடியாது. நான் பிறக்காத வருஷம்தான், ஆனால் வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்தது. படம் வந்து நாலு மாசத்தில், ஆகஸ்ட் 11 அன்று, எங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் அது. பட்டம் தாணுபிள்ளை மந்திரிசபை. அவருடைய கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியாவே மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும் என்று சொன்னார்.

பாட்டா சொல்லும் கதை ஒன்று. பள்ளிக்கூடத்தில் சாருமார் சொன்னது வேறு. சாயக்கடையில் கேட்டது மூன்றாவது. ராஷோமோனை நான் வளர்ந்தபிறகுதான் பார்த்தேன். பார்த்தபோது புதுசாகவே தெரியவில்லை. எல்லையில் பிறந்தவனுக்கு ஒரே சம்பவத்தை மூன்று வாயால் கேட்பது பழக்கம்.

ரேடியோவே எங்களுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது என்றுகூடச் சொல்வேன். 1956-ல் ஆல் இந்தியா ரேடியோ தேசிய நாடக நிகழ்ச்சி என்று ஒன்று தொடங்கியது. மாசம் ஒரு நாடகம், எல்லா மொழியிலும் மொழிபெயர்த்து, ஒரே இரவில் எல்லா நிலையங்களிலும். நாடு முழுக்க ஒவ்வொருவரும் தன் மொழியில் மட்டும்தான் கேட்டிருப்பார்கள். நாங்கள் அப்படியில்லை. எங்கள் வீட்டில் திருநெல்வேலி, பக்கத்து வீட்டில் திருவனந்தபுரம். ஒரு தடவை முக்கியமான இடத்தில் கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலையில் முடிவு என்ன என்று பாட்டாவும் பக்கத்து வீட்டு சேட்டனும் வேலியோரம் நின்று பெரிய விவாதம். "அவ திரும்பி வந்துட்டா, நான் குரலிலேயே கண்டுபிடிச்சேன்" என்கிறார் பாட்டா. "இல்லா அண்ணாச்சி, அவள் மரிச்சு, அந்தக் கரச்சில் கேட்டில்லியோ?" என்கிறார் சேட்டன். இரண்டு பேருமே முடிவைக் கேட்கவில்லை. ஆளுக்கொரு மொழியில், ஆளுக்கொரு நடிகையின் குரலை வைத்துத் துப்பறிந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் துப்பறியும் நாடகம் ஒலிபரப்பாகவில்லை, ஆனால் வேலியோரம் நடந்தது.

விளம்பரத்துக்கு இடம் வந்தபிறகு கொஞ்சம் காற்று மாறியது. 1967-ல் பம்பாயில் விவித பாரதியில் விளம்பரம் தொடங்கியது. பிறகு ஹிந்தியில் 'இன்ஸ்பெக்டர் ஈகிள்' வந்தார். பெயரே பிளாஸ்க் கம்பெனியின் பெயர்! ஷேடோவின் நிலக்கரி, ஹோம்ஸின் காப்பித்தூள், நம்மூரில் வெந்நீர் பிளாஸ்க். இலங்கைத் தமிழ் வானொலியில் மக்கள் வங்கியின் ஆதரவில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' வந்தது. அது துப்பறியும் கதை இல்லை, குடும்பக் கதை. ஆனால் அடுத்த வாரம் என்ன ஆகும் என்று ஒரு இனத்தையே காத்திருக்க வைக்க ரேடியோவால் முடியும் என்று காட்டியது. தமிழில் ஒரு துப்பறியும் நாயகன் உருவாவதற்குள் காலம் கடந்துவிட்டது. 1982-ல் ரூபவாகினி. எங்கள் பக்கம் மூங்கில் உயரத்துக்கு ஆன்டெனா கட்டிப் பார்த்தார்கள். 1984-ல் நாகர்கோவிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் எஃப்.எம்.மில் வந்தது, ஆனால் 1985-ல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன். பிலிப்ஸ் பெட்டி மேல் துணி போர்த்தினார்கள்.

இனி என் உண்மையான கவலை. அமெரிக்க நாடகங்கள் இன்று நமக்குக் கிடைப்பது யாரோ கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்ததால் மட்டும் இல்லை. பல நிலையங்களுக்கு அனுப்பவும், விளம்பரதாரருக்குக் காட்டவும், யுத்தகாலத்தில் படைவீரர்களுக்கு அனுப்பவும் பெரிய இசைத்தட்டுகளில் பதிந்தார்கள். அந்தத் தட்டுகள் கிடங்குகளில் தப்பின. பி.பி.சி.யில் அப்படி இல்லை. பால் டெம்பிளின் பழைய தொடர்கள் பல அழிந்து, எழுத்துப் பிரதியை வைத்து 2006-லிருந்து சிலவற்றைத் திரும்ப நடித்துப் பதிந்தார்கள். நம்ம நிலையங்களில் டேப்புக்கு இருந்த தட்டுப்பாட்டில், ஒலிபரப்பான நாடகத்தை அழித்துவிட்டு அதே டேப்பில் அடுத்ததைப் பதிவது சாதாரணம். சங்கீதத்துக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. திருவனந்தபுரம் நிலையத்தில் வேலை பார்த்த நெய்யாற்றின்கரை வாசுதேவன் குரலையும், பாறசாலை பொன்னம்மாள் குரலையும் இன்றும் கேட்க முடிகிறது. நாடகக் குரல்களுக்கு அந்த யோகம் குறைவு.

ஆனால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. 1970களின் கடைசியிலிருந்து எங்கள் பக்கத்து வீடுகளில் வளைகுடா போனவர்கள் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ரேடியோவில் வருவது கேசட்டில் பதியும். கடிதத்துக்குப் பதில் வீட்டுக் குரல்களைப் பதிந்து அனுப்புவார்கள். அம்மா அழுகை, குழந்தை மழலை, மிச்சமிருக்கும் இடத்தில் ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு, நாடகம். துபாயில் இருக்கும் மகனுக்கு ஊரில் கேட்கும் எல்லாமே வேண்டும். திருநெல்வேலியும் திருவனந்தபுரமும் அழித்த நாடகங்கள் எங்கேயாவது இருந்தால், பாறசாலையிலோ உதியன்குளங்கரையிலோ ஒரு தகரப் பெட்டிக்குள், மற்றொருவர் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

அந்தப் பெட்டிகளைத் திறப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேபிளில் 'அம்மா' என்றோ 'வீடு' என்றோ மட்டும் எழுதியிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் போட்டுக் கேட்கவும் செய்யாதீர்கள், அறுந்துபோகும். தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். இரண்டு பக்கத்தையும், கடைசி வரைக்கும்.